மேடை மாயவித்தையின் சூட்சுமத்தைக் கண்டறிவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெட்டிக்குள் படுத்த பெண்ணை இரண்டாக அறுத்துக் காட்டும் வித்தையைப் பார்த்துவிட்டு அரங்கத்திலிருந்து வெளியே வருபவர்களில் பெரும்பாலோர், ‘கண்ணாடி வைத்திருப்பார்கள்’ என்றோ ‘உள்ளே இன்னொரு பெண் இருந்திருப்பாள்’ என்றோ ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு வண்டி எடுக்கப் போய்விடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கண்ணாடி எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் நின்றது, அதில் எது தெரிந்தது, அருகில் நடமாடிய வித்தைக்காரரின் உருவம் ஏன் அதில் விழவில்லை என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பதில் வராது. ஒரு வித்தையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டுமானால், அதே பொருள்களையும் அதே ஆட்களையும் நம்மிடம் கொடுத்தால் நாமே அதை மீண்டும் நடத்திக் காட்டும் அளவுக்கு நம் விளக்கம் முழுமையாக இருக்க வேண்டும். அந்த நிலையைப் புதியவர் ஒருவர் எப்படிப் படிப்படியாக அடையலாம் என்பதை, புதுச்சேரியிலும் கடலூரிலும் மேஜிக் ஷோ பார்க்கும் வாய்ப்புள்ள வாசகர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஓர் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். நான் இங்கே விடையோடு விளக்குபவை, நூறாண்டுகளுக்கும் மேலாக அச்சில் வெளிவந்து, பள்ளி அறிவியல் கண்காட்சி வரைக்கும் வந்துவிட்ட பழைய வித்தைகள் மட்டுமே. பிறந்தநாள் விழாவிலும் திருமண வரவேற்பிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் காட்சி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றும் இன்றைய கலைஞர்களின் வித்தைகளைப் பொறுத்தவரை, கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் தருகிறேன். விடையை நீங்களே தேடிக் கண்டடைவதில்தான் இந்தப் பழக்கத்தின் முழு இன்பமும் இருக்கிறது.

எங்கே அமர்வது

முதல் முறை பார்க்கும்போது அரங்கின் நடுவில், நடு வரிசையில் அமருங்கள். கம்பன் கலையரங்கமானாலும் கடலூர் டவுன்ஹாலானாலும் வித்தை வடிவமைக்கப்படுவது அந்த இடத்தில் இருப்பவரின் கண்ணுக்காகத்தான்; எதைக் காட்ட விரும்புகிறார்கள் என்பதை முழுமையாக அறியாமல் எதை மறைக்கிறார்கள் என்பதைத் தேட முடியாது. அன்று குற்றம் கண்டுபிடிக்க முயலாமல் நன்றாக வியந்து பாருங்கள். எந்தக் கணத்தில் நமக்கு மூச்சு நின்றது என்பதும் பிறகு பயன்படும் ஒரு தகவலே.

அதே காட்சியை இரண்டாம் முறை பார்க்க முடிந்தால், முன் வரிசையின் ஓரத்திலோ மாடியிலோ இடம் பிடியுங்கள். அந்த ஓர இருக்கைகளைக் கயிறு கட்டி அடைத்திருந்தாலோ, கூட்டம் இருந்தும் அங்கே யாரையும் உட்கார விடாமல் அனுப்பினாலோ, கோணம் மாறினால் தெரிந்துவிடக்கூடிய ஏதோ ஒன்று மேடையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். மாறாக, மண்டபத்தில் திருமண வரவேற்பின்போது மூன்று பக்கமும் மக்கள் சூழ்ந்து நிற்க நடக்கும் வித்தைகளில் பெரிய கண்ணாடி அமைப்புகளுக்கு இடமே கிடையாது. அங்கே சீட்டுக்கட்டு, கயிறு, துணி, நாணயம் என்று கைலாகவத்தை நம்பிய வித்தைகளே மிகுதியாக இருக்கும்.

திறந்தவெளி மேடை இன்னும் நல்ல ஆசிரியர். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் காந்தி திடலிலோ தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலோ மாலையில் நிகழ்ச்சி நடக்கும்போது கடற்காற்று சும்மா இருப்பதில்லை. ஆளை மூடிய மெல்லிய துணியின் எந்தப் பகுதி படபடக்கிறது, எந்தப் பகுதி காற்றடித்தும் மடிப்புக் கலையாமல் விறைத்து நிற்கிறது என்று பாருங்கள். மனித உடலின் மேல் கிடக்கும் துணி மூச்சுக்கு ஏற்பவும் காற்றுக்கு ஏற்பவும் ஒரு விதமாக அசையும்; வேறு எதன் மேலாவது கிடக்கும் துணி வேறு விதமாக அசையும். உள்ளரங்கில் கிடைக்காத இந்தச் சாட்சியத்தைக் காற்று இலவசமாகத் தருகிறது.

கைபேசியில் படம் பிடிப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. கலைஞரின் அனுமதியில்லாமல் எடுப்பது முறையன்று என்பது ஒரு காரணம். திரை வழியாகப் பார்ப்பவர் மேடையின் ஒரு சதுரத்தை மட்டுமே பார்க்கிறார் என்பது மற்றொரு காரணம். உதவியாளர் எப்போது மேடையை விட்டுப் போனார், எந்தப் பக்கமாகத் திரும்பி வந்தார் என்பது அந்தச் சதுரத்துக்கு வெளியே நடந்துவிடும்.

அன்றிரவே எழுதிவிடுங்கள்

இந்தப் படியைப் பலரும் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானதாகப் படுகிறது. வீடு திரும்பியதும், வேறு யாரிடமும் வித்தையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடப்பக்கத்தில் ‘கண்டது’ என்றும் வலப்பக்கத்தில் ‘முடிவு செய்தது’ என்றும் தலைப்பிட்டு எழுதத் தொடங்குங்கள்.

எடுத்துக்காட்டாக, ‘பெட்டி காலியாக இருந்தது’ என்ற வாக்கியம் இடப்பக்கத்தில் வரவே கூடாது. அது முடிவு. கண்டது என்னவென்று பொறுமையாக நினைவுகூர்ந்தால் வேறு மாதிரி இருக்கும்: வித்தைக்காரர் முன்கதவைத் திறந்தார், உள்ளே கறுப்பு நிறப் பலகை ஒன்று தெரிந்தது, அவர் கையை உள்ளே விட்டுத் துழாவவில்லை, வெளியே நின்றபடி கையை வீசிக் காட்டினார், கதவு சில நொடிகளே திறந்திருந்தது, அந்த நேரத்தில் பெட்டி திருப்பப்படவில்லை, பிறகு கதவை மூடிய பின்னரே பெட்டியைச் சுற்றிக் காட்டினார். ‘முன்பக்கம் திறந்திருந்தபோது சுற்றவில்லை, சுற்றியபோது திறந்திருக்கவில்லை’ என்ற ஒரு வரி, ‘காலிப் பெட்டி’ என்ற சொல்லுக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. அதை வெளியே எடுத்தவுடன் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இதே முறையில் ‘கையிலிருந்து நாணயம் மறைந்தது’ என்பதை, ‘இடக்கையில் நாணயம் தெரிந்தது, வலக்கை அதன் மேல் வந்து மூடியது, வலக்கை மூடியபடி விலகியது, அவர் பார்வை வலக்கையோடு சென்றது, வலக்கை திறந்தபோது நாணயம் இல்லை’ என்று பிரித்து எழுதிப் பாருங்கள். நாணயம் வலக்கைக்குப் போனதை நீங்கள் பார்த்ததாக எந்த வரியிலும் இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

நினைவின் மேல் இவ்வளவு அவநம்பிக்கை வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆவிகள் பலகையில் எழுதுகின்றன என்று இங்கிலாந்தில் பலர் நம்பிவந்த காலத்தில், எஸ். ஜே. டேவி என்பவர் அதே நிகழ்ச்சியை வெறும் தந்திரத்தால் நடத்திக் காட்டி, பார்த்தவர்களிடம் எழுத்துமூலமான அறிக்கை வாங்கினார். ரிச்சர்ட் ஹாட்ஜ்சனோடு சேர்ந்து 1887-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், படித்தவர்களும் கவனமானவர்களும்கூட நடந்தவற்றின் வரிசையை மாற்றியும், முக்கியமான இடைவெளிகளை விட்டும், நடக்காத சோதனைகளைச் செய்ததாகச் சேர்த்தும் எழுதியிருந்தது தெரிந்தது. அந்தரத்தில் நிமிர்ந்து நிற்கும் கயிற்றில் சிறுவன் ஏறி மறைவதாகச் சொல்லப்படும் இந்தியக் கயிற்று வித்தையை நேரில் கண்டதாகச் சொன்னவர்களின் கூற்றுகளை ஆராய்ந்து ரிச்சர்ட் வைஸ்மனும் பீட்டர் லமான்டும் 1996-இல் எழுதிய கட்டுரையும் இதையே வேறு கோணத்தில் காட்டியது: பார்த்ததற்கும் சொன்னதற்கும் இடையே ஆண்டுகள் கூடக் கூட, வித்தையின் பிரமிப்பும் கூடிக்கொண்டே போயிருந்தது. நண்பர்களோடு டீக்கடையில் அரை மணி நேரம் பேசினாலே அவர்கள் கண்டதும் நாம் கண்டதும் கலந்துவிடும். ஆகவே முதலில் எழுத்து, பிறகு பேச்சு.

தேவையற்றதாகத் தோன்றுவதைத் தேடுங்கள்

குறிப்பு தயாரான பின், ஒவ்வொரு பொருளையும் ஒவ்வோர் அசைவையும் எடுத்து, இது இல்லாமல் வித்தையைக் காட்டியிருக்க முடியாதா என்று கேளுங்கள். ஆளை மறையச் செய்ய ஏன் துணி வேண்டும்? ஆளை மிதக்கச் செய்ய ஏன் முதலில் ஒரு மேசையில் படுக்க வைக்க வேண்டும்? மிதப்பவரைச் சுற்றி வளையத்தை ஏன் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து நுழைக்கிறார்? அழகுக்காகவும் சடங்குக்காகவும் வைத்ததுபோல் தோன்றும் பொருளே பல வேளைகளில் பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு நம் மண்ணிலேயே பழைய சான்று இருக்கிறது. 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆங்கிலேயர் ஏடுகளில் சேஷால் என்று குறிக்கப்பட்ட ஒருவர் சென்னையில் தரையைத் தொடாமல் அந்தரத்தில் அமர்ந்து காட்டினார். அவருடைய ஒரு கை மட்டும், நிமிர்ந்து நின்ற மூங்கில் தண்டிலிருந்து நீண்ட, தோல் போர்த்திய ஒரு தாங்கியின் மேல் படிந்திருந்தது; ஜெபம் செய்பவரைப்போல அவர் அமர்ந்திருந்த கோலம் அந்தத் தண்டைத் தவசியின் கைத்தடிபோல் ஆக்கிவிட்டது. அவர் ஏறும்போதும் இறங்கும்போதும் உதவியாளர்கள் கம்பளியால் மறைத்தார்கள். இப்போது நம் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அந்தரத்தில் அமரும் ஆற்றல் உள்ளவருக்குத் தண்டு எதற்கு? ஏறுவதை ஏன் மறைக்க வேண்டும்? தண்டுக்குள்ளும் தாங்கிக்குள்ளும் எஃகுக் கம்பி ஓடி, கைச்சட்டையின் வழியாக உடலைச் சுற்றி இறங்கி, உடைக்குள் மறைந்த ஓர் இருக்கையில் முடிகிறது என்ற விளக்கம் இந்த இரண்டு கேள்விகளிலிருந்தே பிறந்துவிடுகிறது. கடற்கரைகளில் உடல் முழுவதும் வண்ணம் பூசிக்கொண்டு, கோல் ஒன்றில் கையை ஊன்றி அந்தரத்தில் உட்கார்ந்திருக்கும் ‘சிலை மனிதர்கள்’ இன்றும் செய்துகாட்டுவது அந்த வித்தையின் வழித்தோன்றலைத்தான்.

பிரெஞ்சு வித்தைக்காரர் ராபர் ஊதேன் 1847-இல் பாரிஸில் தம் மகனை அந்தரத்தில் கிடத்திக் காட்டியபோது, முழங்கைக்குக் கீழே ஒரு கோல் இருந்தது. அறுவை மருத்துவத்தில் ஈதர் என்னும் மயக்க மருந்து அறிமுகமாகி ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த காலம் அது. மகனுக்கு ஈதரை முகரச் செய்ததால் உடல் காற்றைப்போல் இலேசாகிவிட்டது என்று அவர் கதை சொன்னார். அதன் வாசனை அரங்கத்தில் பரவும்படியும் ஏற்பாடு செய்தார். மக்கள் ஈதரைப் பற்றி விவாதித்தார்கள், கோலைப் பற்றிக் கேட்கவில்லை. இதிலிருந்து ஒரு துணைப்படியையும் நாம் எடுத்துக்கொள்ளலாம்: வித்தைக்காரர் தாமே தரும் விளக்கத்தைத் தனியாக எழுதிவைத்து, அந்த விளக்கம் நம் கேள்விகளை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று பாருங்கள். மனோவசியம், காந்த சக்தி, மூச்சுப் பயிற்சி என்று எது சொல்லப்பட்டாலும், அது சொல்லப்படாதிருந்தால் நாம் எதைக் கேட்டிருப்போம் என்பதே பயனுள்ள கேள்வி.

வித்தை எப்போது தொடங்கியது?

‘இப்போது பாருங்கள்’ என்று அவர் சொல்வதற்கு முன்பே வேலை முடிந்திருக்கலாம். கைதட்டலின்போதுதான் மீதி வேலை நடக்கலாம். ஆகவே குறிப்பில் ஒரு கோட்டை இழுத்து, முந்தைய வித்தை முடிந்த கணத்திலிருந்து அடுத்த வித்தை தொடங்கிய கணம் வரை நடந்தவற்றையும் சேர்த்து எழுதுங்கள். மேசையை யார் கொண்டுவந்தார்? முந்தைய வித்தையின் துணியை எங்கே போட்டார்? சிரிப்புத் துணுக்கு எப்போது வந்தது? சிரிக்கும்போது நம் கண் விழிப்பாக இருந்தாலும் மனம் சற்றே ஓய்ந்துவிடுகிறது.

கவனத்தைத் திருப்புவது என்றால் வேறெங்கோ விரலை நீட்டிக் காட்டுவது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். மிக வலுவான கருவி வித்தைக்காரரின் பார்வைதான். கஸ்டாவ் கூன், மைக்கேல் லேண்ட் ஆகிய ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒருவர் பந்தை இருமுறை மேலே எறிந்து பிடித்துவிட்டு, மூன்றாம் முறை பந்தைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு எறிவதுபோல் பாவனை மட்டும் செய்தார். அவருடைய பார்வையும் பந்தைத் தொடர்வதுபோல் மேலே சென்றபோது, பார்த்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் பந்து மேலே போனதைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர் தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தபோது அப்படிச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே. அவர்களுடைய கண்ணசைவுகளைப் பதிவு செய்து பார்த்தால், பந்து போனதாகச் சொன்ன இடத்துக்குக் கண்கள் சென்றிருக்கவில்லை. போகாத பந்தை மனமே எழுதிக்கொண்டது. இரண்டாம் முறை காட்சிக்குச் செல்லும்போது, வித்தைக்காரர் எதைப் பார்க்கிறாரோ அதைப் பார்க்காமல், அவர் கண்களை எடுத்த கணத்தில் எந்தக் கை ஓய்வாகத் தொங்குகிறதோ அந்தக் கையைப் பாருங்கள்.

முடிவை வெட்டிவிடுவதும் நேரத்தைக் கையாளும் ஒரு வழி. 1956 ஏப்ரல் 9 அன்று இந்திய வித்தைக்காரர் பி. சி. சர்க்கார் பி.பி.சி. தொலைக்காட்சியின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் ஒரு பெண்ணை வட்ட ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். அவர் அந்தப் பெண்ணை எழுப்ப முயல்வதுபோல் நின்ற வேளையில் நிகழ்ச்சி நேரம் முடிந்துவிட்டது. பெண் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டு வந்த அழைப்புகளால் தொலைபேசி இணைப்புகள் திணறின. அறுக்கும் முறை புதிதன்று. காட்டாமல் விட்ட கடைசிச் சில நொடிகளே அதை வரலாறாக்கின.

கண்ணாடிதானா என்று சோதிப்பது

சந்தேகம் முதலில் கண்ணாடி மேல்தான் விழுகிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். திருவிழாக்களிலும் பொருட்காட்சிகளிலும் நாகக்கன்னி என்ற பெயரில் பாம்புடலும் பெண் தலையுமாகக் காட்டும் கொட்டகைகளை நம் ஊர்க்காரர்கள் பலர் பார்த்திருப்பார்கள். உடலற்ற தலை பேசும் வித்தைகளுக்கெல்லாம் முன்னோடியாக, தாமஸ் டோபின் என்பவர் உருவாக்கிய மேசையை வைத்துக் கர்னல் ஸ்டோடேர் 1865-இல் லண்டனில் காட்டிய ‘ஸ்பிங்க்ஸ்’ வித்தையைச் சொல்லலாம். மூன்று கால் மேசை. கால்களுக்கு நடுவே வெற்றிடம்போல் பின்திரை தெரிகிறது. மேசை மேல் ஒரு பெட்டி. பெட்டியைத் திறந்தால் ஒரு தலை கண் விழித்துப் பேசுகிறது.

மேசையின் முன்காலிலிருந்து பின்கால்கள் இரண்டுக்கும் இரு கண்ணாடிகள், ஒவ்வொன்றும் பார்வையாளரின் நேர்ப்பார்வைக்கு 45 பாகைச் சாய்வில், ஆப்பு வடிவில் நிற்கின்றன. நாம் பார்ப்பது பின்திரையை அன்று. கண்ணாடியில் எதிரொளிக்கும் பக்கத்திரைகளை. கண்ணாடிக்குப் பின்னால் மண்டியிட்டிருப்பவர் மேசையிலுள்ள துளை வழியாகவும் அடிப்பலகை இல்லாத பெட்டி வழியாகவும் தலையை நீட்டுகிறார். இந்த அமைப்பு சரியாக நடக்க என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், அரங்கத்தில் எதைத் தேட வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும். பக்கத்திரையும் பின்திரையும் ஒரே துணியாக, ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். மேசையிலிருந்து பக்கத்திரை எவ்வளவு தொலைவோ ஏறத்தாழ அவ்வளவு தொலைவில் பின்திரையும் இருக்க வேண்டும். இல்லையேல் மடிப்புகளின் அளவு பொருந்தாது. மேசைக்கு நேர்ப் பக்கவாட்டில் இருக்கும் தரைப்பகுதிக்குள் வித்தைக்காரர் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அவர் கால்கள் மேசைக்கு அடியில் தெரிந்துவிடும். அவர் எந்த வழியாக மேசையை அணுகுகிறார், எந்த இடத்தை எப்போதும் சுற்றிப் போகிறார் என்று ஒரு சிறு வரைபடம் போட்டு வையுங்கள். தரையின் மரப்பலகைகள் ஒரே திசையில் ஓடினால், கண்ணாடிக்குள் அவை செங்குத்தாகத் திரும்பித் தெரியும் என்பதால், அங்கே பெரும்பாலும் கோடில்லாத விரிப்பு ஒன்று விரிக்கப்பட்டிருக்கும்.

இதை வீட்டிலேயே செய்து பார்ப்பது ஒரு மாலை வேலைதான். உள்ளளவு 15 செ.மீ. கொண்ட கனசதுர அட்டைப் பெட்டி ஒன்றைச் செய்து முன்பக்கத்தைத் திறந்து விடுங்கள். கண்ணாடிக் கடையில் 15 செ.மீ. அகலமும் 21 செ.மீ. உயரமும் உள்ள முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டை வெட்டி, ஓரங்களைத் தேய்த்துத் தரச் சொல்லி வாங்குங்கள். தேய்க்காத ஓரம் விரலை அறுத்துவிடும். பெட்டியின் உட்புறம் முழுவதும் சதுரக் கட்டம் போட்ட தாளை ஒட்டிய பின், கண்ணாடியை முன்பக்க மேல்விளிம்பிலிருந்து பின்பக்க அடிவிளிம்புக்குச் சாய்வாக, முகம் உங்களையும் தரையையும் நோக்கும்படி வையுங்கள். இப்போது சற்றுத் தள்ளி நின்று நேராகப் பார்த்தால் பின்சுவர் தெரிவதுபோல் இருக்கும். அது பெட்டியின் தரை. பெட்டியின் மேல்பலகையில், பின்விளிம்பை ஒட்டி, ஒரு பிளவு வெட்டி நாணயத்தைப் போட்டால், அது ‘காலிப்’ பெட்டிக்குள் விழுந்து மறைந்துவிடும். பெட்டியின் சரிபாதி இடம் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

அடுத்து, கட்டத்தாளை எடுத்துவிட்டு, பக்கச் சுவர்களில் கிடைமட்டக் கோடு போட்ட தாளை ஒட்டுங்கள். கண்ணாடி தொடங்கும் மூலைவிட்டத்தில் கோடுகள் திடீரென்று ஒடிந்து மேல்நோக்கிச் செல்வதைக் காண்பீர்கள். தலையைச் சற்றுத் தாழ்த்தி மேல்நோக்கிப் பார்த்தால், பெட்டியின் கூரை இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் சட்டையே தெரியும். எந்த அலங்காரம் கண்ணாடியை மறைக்கும், எது காட்டிக்கொடுக்கும், எந்த உயரத்திலிருந்து பார்ப்பவர் ஏமாறமாட்டார் என்பவற்றை இந்த ஒரு பெட்டி எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாகக் கற்றுத் தருகிறது.

ஒளி ஊடுருவும் வெறும் கண்ணாடியும் மாயம் செய்யும். ஜான் ஹென்றி பெப்பர் 1862-இல் லண்டனில் மேடையேற்றிய ஆவி உருவத்தின் அடிப்படை அதுவே. இருட்டிய பிறகு புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பேருந்தில் வரும்போது, கண்ணாடிச் சன்னல் மூடியிருந்தால், உள்விளக்கும் பயணிகளின் முகங்களும் வெளியே வயலுக்கு மேல் மிதந்து வருவதுபோல் தெரியும். ஊர் வெளிச்சம் வந்தவுடன் அவை மங்கிவிடும். மேடையில் ஓர் உருவம் மெல்லத் தோன்றி மெல்ல மறைந்தால், எந்த இடத்தின் விளக்கு கூடியது, எந்த இடத்தின் விளக்கு குறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒளிவதற்கு எவ்வளவு இடம் வேண்டும்?

‘அவ்வளவு சிறிய இடத்தில் ஆள் எப்படி இருக்க முடியும்?’ என்று ஒரு விளக்கத்தைத் தள்ளிவிடுவதற்கு முன் அளந்து பாருங்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து தரையில் அமர்ந்து, தையல் நாடாவால் உங்கள் உயரம், அகலம், ஆழம் மூன்றையும் வீட்டில் ஒருவரை எடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் சுருண்டு படுத்தும் ஒருமுறை எடுங்கள். நாம் நினைத்ததைவிட எண்கள் சிறியவையாகத்தான் வரும். பயிற்சி பெற்ற ஒல்லியான உதவியாளருக்கு இன்னும் சிறியவை. குழந்தைகளைப் பெட்டிக்குள்ளோ அலமாரிக்குள்ளோ அடைத்துச் சோதிக்கவே கூடாது.

மேடையிலுள்ள பெட்டியின் அளவை, அருகில் நிற்பவரின் இடுப்பு உயரத்தோடும் கைச் சாணோடும் ஒப்பிட்டுக் கணியுங்கள். மேடைப் பொருள்களின் விளிம்புகளில் பளபளக்கும் பட்டைகளும், நடுவில் அடர்ந்த கறுப்பும், சரிந்து மெலியும் ஓரங்களும் வருவது தற்செயலாக இருக்காது. விளிம்பை மட்டும் பார்த்துத் தடிமனை முடிவு செய்யும் பழக்கம் நம் கண்ணுக்கு உண்டு.

மூன்று விளக்கங்களாவது வேண்டும்

ஒரே விளக்கத்தோடு நின்றுவிட்டால், அதற்குச் சாதகமானவை மட்டுமே கண்ணில் படும். குறைந்தது மூன்று விளக்கங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இது உண்மையானால் மேடையில் வேறு என்ன தெரிய வேண்டும், என்ன தெரியவே கூடாது?’ என்று எழுதுங்கள். இரண்டாவது ஆள் இருக்கிறார் என்றால், அவர் பெட்டிக்குள் எப்போது வந்தார் என்பதற்கு ஒரு கணம் இருக்க வேண்டும், அவருடைய எடையைச் சக்கரங்களும் தள்ளுபவரின் தோளும் காட்ட வேண்டும். கண்ணாடி என்றால் பக்கவாட்டில் தடைசெய்யப்பட்ட ஓர் இடம் இருக்க வேண்டும். பார்வையாளரிலிருந்து அழைக்கப்பட்டவர் முன்பே பேசிவைக்கப்பட்டவர் என்றால், அடுத்த காட்சியிலும் அவரோ அவரைப் போன்றவரோ அதே பகுதியில் அமர்ந்திருக்க வேண்டும். இரண்டாம் முறை செல்லும்போது இந்தப் பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விளக்கத்தையும் பொய்யாக்கக்கூடியதைத் தேடுங்கள்.

ஒரே பெயருள்ள வித்தைக்கு ஒரே வழிதான் உண்டு என்று எண்ணிவிடவும் கூடாது. பெண்ணை அறுக்கும் வித்தையை பி. டி. செல்பிட் 1921 ஜனவரியில் லண்டன் அரங்கில் காட்டியபோது பெண்ணின் உடல் முழுவதும் பெட்டிக்குள் இருந்தது; வெளியே தெரிந்தவை, அவளைக் கட்டிய கயிறுகளின் முனைகள் மட்டுமே; அவற்றைப் பார்வையாளர்கள் பிடித்திருந்தார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஹோரேஸ் கோல்டின் காட்டியதிலோ தலையும் கைகளும் பாதங்களும் வெளியே தெரிந்தன. பின்னாளில் பெட்டியே இல்லாமல் வட்ட ரம்பத்தால் அறுக்கும் முறையும் வந்தது. பார்வையாளரின் நாவில் மூன்றும் ஒரே வித்தை. செய்முறையில் மூன்றும் வேறு வேறு. எந்த வடிவத்தைப் பார்த்தோம் என்பதைத் துல்லியமாக எழுதியிருந்தால்தான் எதற்கு விடை தேடுகிறோம் என்பது தெரியும்.

கண்டுபிடித்த பின்

காட்சி நடக்கும்போதே எழுந்து நின்று விடையைக் கத்துவது, பக்கத்திலிருக்கும் குழந்தையின் காதில் ஓதுவது, இடைவேளையில் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது ஆகியவற்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். ஓர் எளிய பெட்டியைக் கச்சிதமாகச் செய்து, அதை நடத்தும் அசைவுகளைப் பழக, கலைஞர் ஆண்டுகளைச் செலவிட்டிருப்பார். காட்சி முடிந்து கூட்டம் கலைந்தபின் அவரைத் தனியாகச் சந்தித்து, ‘ஐயா, உங்கள் பெட்டியைக் கவனித்தேன், இன்னின்ன இடங்களில் எனக்கு இப்படித் தோன்றியது’ என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். அவர் ஆமென்றும் சொல்லமாட்டார், இல்லையென்றும் சொல்லமாட்டார். ஆனால் உண்மையாக ஆர்வம் கொண்டவரை அடையாளம் கண்டு, கைப்பயிற்சி ஒன்றைச் சொல்லித் தரும் மூத்த கலைஞர்கள் உண்டு.

தெய்வசக்தியால் திருநீறு வரவழைக்கிறேன் என்று சொல்லிப் பணம் வாங்குபவருக்கு இந்த மரியாதை பொருந்தாது. கோயம்புத்தூர் போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் (1930-2009) அத்தகைய ‘அற்புதங்களை’ மேடையில் தாமே செய்துகாட்டி, உடனே அவை நடக்கும் விதத்தையும் விளக்கி, நாடு முழுவதும் பயணம் செய்தார். நீங்களும் ஊரிலோ பள்ளியிலோ அப்படிச் செய்ய நினைத்தால், தீயும் அமிலமும் அலகும் உள்ளவற்றைத் தொடாமல், கைலாகவத்தாலும் எளிய வேதிப்பொருள்களாலும் நடப்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அனுபவமுள்ள அறிவியல் ஆசிரியர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.